ஸ்டெப்னியோடு பேசிய பெண்கள்

போன வாரம் விருதுநகரில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். இனி ஓர் எறும்புக்குக்கூட இடமில்லை என்று நான் நினைத்த நேரத்தில் ஒரு பெண் ஏறி, என் இடுப்பை ஒருபக்கமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். அவர் கூந்தலிலிருந்து ஒரு வாசம் வந்தது. மேலே தேங்காய் எண்ணெய், அதற்குக் கீழே வாடிய பிச்சிப்பூ, எல்லாவற்றுக்கும் அடியில் கந்தகம். பட்டாசுக் கம்பெனி வாசம். சீயக்காய்க்கும் போகாது, ஷாம்புக்கும் போகாது. தலையணை உறையில் ஏறும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் ஏறும், கல்யாணப் பட்டுச்சேலை மடிப்பிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆட்டோ பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. நான் போகவில்லை. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முக்கில், பல வருஷத்துக்கு முந்தைய ஒரு விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், தூக்குச்சட்டியோடு வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அது பட்டாசுக் கம்பெனி வேன். நான் பட்டாசுக் கம்பெனிக்காரி இல்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குப் புரூஃப் பார்க்கிற வேலை எனக்கு. என் சித்தி தங்கம் அந்த வேனில் போகிறவள் என்பதால் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். போகிற வழியில் அச்சக வாசலில் உதிர்த்துவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க ராகு காலத்தையும் எமகண்டத்தையும் பிழை திருத்திவிட்டு, எனக்கு நல்ல நேரம் எப்போது வரும் என்பது மட்டும் தெரியாமல் இருந்த வயது. சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில்தான் அஞ்சல்வழியில் ஆங்கில இலக்கியமும் படித்தேன். காலண்டரில் வருகிற ஆங்கிலத்தைத் தாண்டி எனக்கு வேறு ஆங்கிலம் கிடையாது. பாடத்தில் ஒரு பழைய அமெரிக்க நாவல் இருந்தது. ஒரு வாக்கியம் ஒரு பக்கத்தில் ஏறி மறு பக்கத்தில் இறங்கும். நாவலை நம்ப முடியாமல் நோட்ஸை வாங்கினேன். நோட்ஸும் புரியாமல், படித்ததை வேனில் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். வாயால் சொன்னால் மனதில் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை.

வேன் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் பாருங்கள். எதிரெதிராக இரண்டு நீளப் பலகை. அடியில் ஸ்டெப்னி மாட்டுகிற கொக்கி துருப்பிடித்து விழுந்துவிட்டதால், மாற்று டயர் உள்ளேயே, கடைசியில், பெண்களோடு பெண்ணாகப் பயணம் வரும். அந்த டயருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர் சோலையம்மாள். சோலையக்கா.

சோலையக்காவை ஊர் தள்ளிவைத்திருந்தது. கட்டியவன் பிழைப்புக்கென்று வடக்கே போனவன் திரும்பவில்லை. அதற்கப்புறம் பிறந்தவள் கனி. தகப்பன் யார் என்று ஊர் கேட்டது, அக்கா சொல்லவில்லை. அதிலிருந்து ஊரில் யாரும் அவளோடு பேசக் கூடாது, கை நீட்டி எதையும் கொடுக்கவும் வாங்கவும் கூடாது. கம்பெனியில் சரம் பின்னுகிற அறையில் அவளோடு இருந்தவர்கள் வேற்றூர்ப் பெண்கள். அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சட்டம் இல்லை. ஆக, கம்பெனி வாசலில் அவளுக்குப் பேச்சு வரும். சாயங்காலம் வேனில் ஏறியதும் நின்றுபோகும்.

நாவல் படித்துவிட்டு இதையெல்லாம் நான் சோகமாக நினைத்துக்கொண்டிருப்பேன். அக்காவோ சோகத்துக்கு நேரம் ஒதுக்காதவள். தூங்கி வழிந்தால் குறட்டை விடுவாள். டிரைவர் அண்ணன் பள்ளத்தில் இறக்கினால் அவர் பரம்பரையையே வைவாள். சிரித்தால் வேன் தகரம் அதிரும்.

ஒருநாள் அவள் சோற்றுப் பையை ஏறும் படியிலேயே மறந்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். வேன் கிளம்பினால் பை ரோட்டில் கிடக்கும். எல்லோரும் பார்த்தார்கள், யாருக்கும் வாய் திறக்க வழியில்லை. என் சித்தி டயரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ ஸ்டெப்னி, சோத்துப் பை படியில கெடக்கு."

சோலையக்கா எழுந்துபோய்ப் பையை எடுத்துவந்தாள். உட்கார்ந்து, டயரின் மேல் கைவைத்து, "சரி ஸ்டெப்னி" என்றாள்.

வேனே சிரித்தது. சிரிக்காதவள் கோமதியக்கா ஒருத்திதான். "இது ஊரை ஏமாத்துற வேல" என்றாள்.

"டயர்கிட்டப் பேசப்படாதுன்னு ஊர்ல ஆரும் சொல்லலையே மதினி," என்றாள் சித்தி.

அன்றிலிருந்து டயருக்கு வாழ்வு வந்தது. நாளைக்கு ரேஷனில் சீனி போடுகிறார்கள், ஸ்டெப்னி. கனிக்குத் தலையில் பேன் கிடக்கு, ஸ்டெப்னி. அந்த டயர் ஒருநாளும் வண்டியில் மாட்டி ஓடியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த வேனில் அம்புட்டு உழைத்தது அது ஒன்றுதான். கோமதியக்கா மட்டும் அதனோடு பேசமாட்டாள். அவள் வீட்டு வாசலில் காகம் உட்கார்ந்தாலும் தண்ணீர் தெளிப்பாள். அப்படி ஒரு சுத்தம்.

அந்த வேனில்தான் நான் அமெரிக்கக் கதையை ஆரம்பித்தேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். நோட்ஸில் 'தூய்மைவாதிகள்' என்று போட்டிருந்தது. வேனில் அதைச் சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று தோன்றியதால் 'சுத்தக்காரங்க' என்று சொன்னேன்.

"அமெரிக்காவுல ஏது புள்ள சுத்தக்காரங்க?" என்றாள் சித்தி. "அங்கனதான் இஷ்டத்துக்கு இருப்பாகன்னு சொல்லுறாக."

"இது பளைய காலம் சித்தி. சாமிக்காகக் கடல் தாண்டி வந்தவுக. ஆடக் கூடாது, பாடக் கூடாது, பளபளன்னு துணி உடுத்தக் கூடாது. சத்தம் போட்டுச் சிரிச்சாலே குத்தம்."

"நல்ல ஊரு," என்றாள் கோமதியக்கா, முதல்முறையாகக் கதைக்குக் காது கொடுத்து.

"அங்கன ஒருத்திக்குப் புருசன் இல்லாத நேரத்துல புள்ள பொறந்துருது. கைப்புள்ளயோட அவள மேடையில ஏத்தி, ஊரே பாக்க நிக்க வச்சு, ஆருன்னு பேரச் சொல்லுங்கறாக."

சொல்லிக்கொண்டே வந்த எனக்கு வேன் அமைதியானது அப்போதுதான் உறைத்தது. யாரும் பின்னால் திரும்பவில்லை. திரும்பாமலே எல்லோரும் பார்த்தார்கள். எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டு போனது. நான் நிறுத்திவிடலாமா என்று யோசித்தபோது பின்னாலிருந்து சோலையக்காவின் குரல்:

"ஏ ஸ்டெப்னி, அந்தப் புள்ளைய மேல சொல்லச் சொல்லு. நல்லாத்தான் போகுது."

அப்புறம் தினமும் கதைதான். ஏறியதும் ஏறாததுமாக, "நேத்து எங்கன விட்ட?" என்பார்கள். அந்தப் பெண் பேரைச் சொல்லவில்லை என்றதும் சண்டை வந்தது.

"சொல்லித் தொலச்சிருந்தா புள்ளைக்கி ஒரு வழி பொறந்திருக்கும்ல?" இது சித்தி.

"சொன்னா மட்டும் அவன் ஆமான்னு நின்டுருவானாக்கும்," என்றது இன்னொரு குரல்.

குற்றத்தின் அடையாளமாக அவள் சட்டையில் தைத்துக்கொள்ளச் சொன்ன சிவப்பு எழுத்தை, அவள் தங்க ஜரிகையால் அழகாகத் தைத்துக்கொண்டாள் என்றேன். "திமிரு" என்றாள் கோமதியக்கா. அந்தத் திமிரு என்ற சொல்லில் பாதி வசவுதான் இருந்தது; மிச்சப் பாதி என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் அந்த ஆள் யார், அந்த ஆள் யார் என்றே துளைத்தார்கள். சோலையக்கா மட்டும் டயர் வழியாக வேறொன்று கேட்டாள்.

"அவ பெத்த பொட்டப்புள்ள என்ன செய்யுது, ஸ்டெப்னி? ஆரு கூட வெளையாடுது?"

நோட்ஸில் அதற்கு விடை இல்லை. நாவலின் முக்கிய வினாக்களில் அது வரவே இல்லை.

பங்குனிப் பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி எடுப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்சட்டிகளில் நவதானியம் விதைத்து, ஒரே வீட்டின் இருட்டறையில் எல்லாச் சட்டிகளையும் வைத்து வளர்ப்பார்கள். வெயில் படாமல் வெளிர்மஞ்சளும் பச்சையுமாக முழங்கை உயரம் எழும்பும். அதைப் பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். கனிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பாரி எடுக்கிறார்கள், எனக்கும் வேண்டும் என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. அக்கா அதுவரை எதற்கும் யாரிடமும் போய் நின்றதில்லை. மகளுக்காக, கம்பெனியில் கூட வேலை பார்த்த வேற்றூர்ப் பெண் ஒருத்தியை ஊர்க்கூட்டத்துக்குத் தூது விட்டாள். தகப்பன் பேரைச் சொன்னால் பாரி, இல்லாவிட்டால் இல்லை என்று பதில் வந்தது.

அந்த வாரம் முழுக்க டயருக்கு ஒரே புத்திமதி. "பிள்ள மொகத்துக்காகச் சொல்லிரு, ஸ்டெப்னி." "செத்தவன் எவன் பேரயாச்சும் சொல்லிரு, ஸ்டெப்னி, அவனா வந்து கேக்கப்போறான்."

கூட்டம் சாவடியில் நடந்தது. பெண்கள் தள்ளி, வேப்பமரத்துப் பக்கம்தான் நிற்கலாம். சோலையக்கா கனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். என் நோட்ஸில் இருந்த மேடை என் கண்ணில் வந்துபோனது. அந்த மேடையில் நின்றவள் வாய் திறக்கவில்லை. இவள் திறந்தாள்.

"பேரச் சொல்லுத்தா. முடிச்சுருவம்," என்றார் ஊர்ப் பெரியவர். நல்ல மனுசர்தான், குரலில் கோபம்கூட இல்லை.

"சொன்னா அந்த ஆள என்ன செய்வீக?"

"என்ன செய்ய, வழக்கம்போல அவராதம்தான்."

"கட்டிட்டா?"

"கட்டிட்டா அவன் ஊர்க்காரன்."

"அந்த அவராதத்த எனக்கும் போட்டிருக்கலாம்ல?"

யாரோ செருமினார்கள். "பொம்பளைக்கி ஏதுத்தா அவராதம்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

அக்கா மகளின் தலையில் கைவைத்தாள்.

"அந்தப் பேரு இவளுக்கு உள்ளது. கேக்குற அன்னைக்கி இவகிட்டச் சொல்லுவேன். ஊருக்கு அதுல பங்கு கெடையாது."

கனிக்குப் பாரி இல்லை என்று ஆயிற்று. என் நோட்ஸில் பெண்ணின் வலிமை என்று ஒரு கேள்வி உண்டு. மௌனம், உழைப்பு, சகிப்பு என்று விடை. பரீட்சையில் நானும் அதைத்தான் எழுதினேன், தேறியும் விட்டேன். ஆனால் எழுதும்போது, சாவடியிலிருந்து மகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போன ஒரு முதுகுதான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த முதுகில் சகிப்பு எதுவும் இல்லை.

மறுநாள் வேனில் கதை இல்லை. "ஏ ஸ்டெப்னி, நேத்து நல்லாத்தான் பேசுன," என்றாள் சித்தி. "ஆனா புள்ள ராவெல்லாம் அளுதுச்சாமே."

"அளுகட்டும் ஸ்டெப்னி. அளுது முடிச்சாப் பசிக்கும், பசிச்சாத் திங்கும்," என்றது பதில். சொல்லிவிட்டு அக்கா முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். அவளும் அழுவாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் பாரி வளர்த்தது எங்கள் சித்தி வீட்டில். சுத்தபத்தத்துக்குக் காவல், வேறு யார், கோமதியக்காதான். செருப்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவாள். விதை போட்ட மறுநாள் அறைக்குள் போனவள், கதவோரம் ஒரு சட்டி அதிகமாக இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இது ஆரு பாரி?"

"ஸ்டெப்னி பாரி, மதினி," என்றாள் சித்தி, கண்ணைச் சிமிட்டாமல். "ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா மாத்திக்கிட வேணாமா?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கோமதியக்கா சட்டியைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். "வேனுக்கு ஒண்ணு இருக்குறப்ப பாரிக்கும் வேணும்தான்," என்று சொல்லிவிட்டு, செம்பிலிருந்த தண்ணீரை முதலில் அந்தச் சட்டிக்குத் தெளித்தாள். அதற்கப்புறம் அந்தப் பாரியை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி தன் பேரனைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். அறையிலேயே நெடுநெடுவென்று வளர்ந்தது அதுதான்.

ஊர்வலத்தன்று சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும், சித்தி வேனில் ஸ்டெப்னியிடம் சொல்லியிருந்தபடி சோலையக்கா கனியோடு சித்தி வீட்டுச் சந்துக்கு வந்தாள். கனிக்கு மஞ்சள் பாவாடை. முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. சித்தி அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட எங்கள் வேன் முழுக்க நின்றது. அக்காவின் பார்வை சட்டியிலேயே நின்றது. முகம் இளகியது. பிறகு இறுகியது. வேனில் ஏறிய காலத்திலிருந்து முதல்முறையாக எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நல்லா வளத்துருக்கீக. உங்க மனசு எனக்குத் தெரியாம இல்ல. ஆனா மாத்து டயராப் போறதுக்கு எம் புள்ளைய நான் பெறல."

கனி சட்டியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. கொட்டுச் சத்தம் தெரு முனைக்கு வந்துவிட்டது. சித்தி அந்தச் சட்டியோடு அப்படியே நின்றாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்று நினைத்தேன்.

சித்தி அந்தச் சட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஸ்டெப்னிய நான் தூக்குறேன். ஏ புள்ள, உள்ள போயி ஏஞ் சட்டியக் கொண்டாந்து கனி தலையில வையி."

நான் ஓடினேன். சித்தியின் பேருக்கு விதைத்த, ஊர் கணக்கில் உள்ள, முறையான பாரி. கனியின் தலையில் சும்மாடு வைத்து நான் தூக்கிவிட்டபோது அதன் கழுத்து நடுங்கியது. சோலையக்கா மகளின் முழங்கையைக் கீழிருந்து தாங்கினாள். பெண்கள் குலவை போட்டார்கள். அதற்குள் பெரியவர் சந்துக்கு வந்துவிட்டார்.

"ஏய், ஆரு பாரி அது? எறக்குங்க கீழ."

கோமதியக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தல ஏறுன பாரிய கோயில் போகாம எறக்கக் கூடாது. எறக்குனா ஊருக்கு ஆகாது. நீங்க சொல்லிக்குடுத்த சட்டந்தான் மாமா."

அந்தச் சட்டத்தை எங்கள் ஊரில் பெரியவரைவிடக் கறாராகக் காத்தவர் இல்லை. வானத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி, "கொட்டுக்காரரே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக, அடிங்க" என்றார். ஊர்வலம் நகர்ந்தது. கனி கோயில்வரை கீழே பார்க்காமல் நடந்தது.

மறுநாள் வேனில் யாரும் ஸ்டெப்னியோடு பேசவில்லை.

தள்ளிவைத்தது எடுக்கப்பட்டதாக யாரும் அறிவிக்கவும் இல்லை. அது தானாகக் கரைந்தது. இப்போது யோசித்தால் கரைந்துபோனவை வேறு எத்தனையோ. அந்த வேன் எந்தப் பழைய இரும்புக் கடையில் துண்டானதோ. இப்போது வருகிற வேன்களில் எல்லோருக்கும் முன்பார்த்த சீட்டு; ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது; காதில் ஆளுக்கொரு பாட்டு. சாவடி இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. கோமதியக்கா இல்லை. சோலையக்காவின் வீடு இருந்த இடம் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. மகள் பட்டாசுக் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்மானித்து, அக்கா காரியாபட்டிப் பக்கம் தன் உடன்பிறந்தாள் கடைக்கு வேலைக்குப் போன பிறகும், அந்த வீட்டில், சாலை வரும்வரை, பல வருஷம் அவ்வப்போது விளக்கெரிந்தது. புருஷன் அடித்துத் துரத்திய ஒருத்தி சில நாள். மாமியாரோடு முறைத்துக்கொண்டு வந்த ஒருத்தி சில நாள். கேட்டு வந்து இருந்தார்கள், விட்டுப் போனார்கள். யார் வீட்டில் யார் இருப்பது என்று ஊர் கேட்கவில்லை. அது எப்படி என்று கேட்பீர்கள்.

அக்கா ஊரைவிட்டுப் போன அன்று நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனேன். கனி ஜன்னல் சீட்டுக்கு ஓடிவிட்டது. அக்கா ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

"ஏ புள்ள, உன் கதைய முடிக்காமலே விட்டுட்டியே. அந்தப் பொம்பள கடசில என்ன ஆனா?"

"மகள நல்ல எடத்துல சேத்துட்டு, அவ மட்டும் அந்த ஊருக்கே திரும்பி வந்துருவாக்கா."

"கிறுக்கச்சி. வந்து?"

"கஷ்டப்பட்ட பொம்பளைக எல்லாம் அவ வீடு தேடி வருவாக. அவுககிட்டப் பேசிக்கிட்டு இருப்பா."

கண்டக்டர் விசில் ஊதினார். அக்கா ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் மகளின் தலைக்கு மேலே முகத்தை நீட்டி, கையால் வாயைக் குவித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க சித்திகிட்டச் சொல்லு. வீட்டப் பூட்டல, சும்மா சாத்தித்தான் வச்சிருக்கேன். எவளுக்காச்சும் ஒதுங்க எடம் இல்லைன்னா தொறந்துக்கிடட்டும், ஆரு என்னன்னு கேக்க வேணாம்."